பாட்டுக் கேட்க ஓர் அறை: 14 × 11 அடி, சுவர்ப் பூச்சு உரித்தாயிற்று, அடுத்து என்ன?

மாடியறை எழுதியது:

வீட்டில் ஓர் அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கிப் புதுப்பிக்கிறோம். உள்ளளவு 14 அடி நீளம், 11 அடி அகலம், 9.5 அடி உயரம். மூன்று பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர். படுக்கையறையை ஒட்டிய 11 அடிச் சுவர் மட்டும் 4.5 அங்குலம். கதவு அந்தச் சுவரின் வலது ஓரத்தில் இருக்கிறது, உள்ளே வெற்றிடமுள்ள சாதாரணப் பலகைக் கதவு. இடது பக்க நீளச் சுவரில் 4 அடி அகல ஜன்னல். எதிர் 11 அடிச் சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி அது தொடங்குகிறது. பழைய ஒயரிங் மாற்றுவதற்காகப் பூச்சை உரித்துவிட்டார்கள், தரை பழைய டைல்ஸ்தான்.

கருவிகள்: ஆறரை அங்குல வூஃபர் உள்ள இருவழி ஸ்பீக்கர்கள் ஸ்டாண்டின் மேல், ஓர் ஆம்ப், ஸ்ட்ரீமர், டர்ன்டேபிள். சப்வூஃபர் இப்போது இல்லை, பிறகு வரலாம்.

குறை இதுதான். பேஸில் சில சுரங்கள் மட்டும் பூதாகாரமாக எழுகின்றன, சில சுரங்கள் காணாமலே போகின்றன. கை தட்டினால் ‘டிர்ர்’ என்று ஒரு ரீங்காரம். சத்தம் கூட்டினால் மேல்ஸ்தாயி காதைக் குத்துகிறது.

என் திட்டம்: நான்கு சுவரிலும் 1 அங்குலக் கூம்பு ஃபோம், தரை முழுக்க கார்ப்பெட், அரையடி இறக்கி ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். இது சரிவருமா? பூச்சு பூசுமுன் சுவருக்குள் என்னென்ன போக வேண்டும்? படுக்கையறைக்குச் சத்தம் போகாமலிருக்க என்ன வழி?

---

அலைநீளம் எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஃபோமை வாங்கிவிடாதீர்கள். உங்கள் திட்டத்தை அப்படியே செய்தால் மேல்ஸ்தாயி மொத்தமாகச் செத்துப்போகும், பேஸ் ஒரு துளிகூட மாறாது. அறை இப்போதைவிட மோசமாகக் கேட்கும்.

காரணம் கனம், அதாவது தடிமன். ஃபோம், ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த நார்ப் பலகை), துணி எல்லாமே காற்றின் அசைவை உராய்வால் தடுப்பவை. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசையாது, அங்கே அழுத்தம் மட்டும்தான் ஏறி இறங்கும். அசைவு உச்சத்தில் இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில். 1000 ஹெர்ட்ஸுக்கு அது 8.6 செ.மீ., 100 ஹெர்ட்ஸுக்கு 86 செ.மீ. ஒரு அங்குல ஃபோம் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒழுங்காக உறிஞ்சும், கார்ப்பெட்டும் அப்படியே. இரண்டையும் அறை முழுக்கப் போட்டால் சிம்பலும் வயலினின் மேல் ஓசைகளும் மடியும், மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் பழையபடி முழங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் பேஸ் எங்கே முழங்கும் என்பதை அளக்காமலே சொல்லிவிடலாம். ஒலிவேகம் நொடிக்கு 344 மீட்டர், அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலையலை, அதாவது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பித் தன்மேலேயே ஏறி முழங்கும் அதிர்வெண். நீளத்துக்கு (4.27 மீ.) 40, 80, 121 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு (3.35 மீ.) 51, 103, 154. உயரத்துக்கு (2.9 மீ.) 59, 119. நீளத்தின் மூன்றாவதும் உயரத்தின் இரண்டாவதும் 120-ஐச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, ஆண்குரலின் கீழ்ப்பகுதி அங்கே வீங்கும். உங்கள் ஸ்பீக்கர்கள் 40-க்கு அவ்வளவாக இறங்காது, ஆகவே இப்போதைய தொல்லை பெரும்பாலும் 51-இலிருந்து 120 வரைக்குள்தான்.

ஆகவே பைசா செலவில்லாத முதல் வேலை, உட்காரும் இடம். நீளத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 40-உம் 121-உம் அங்கே பூஜ்யம், 80 உச்சம். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் எல்லாமே உச்சம். பின்சுவரிலிருந்து 38 சதவீதம், அதாவது 1.62 மீட்டர் முன்னால் காது இருந்தால் எதுவும் முழுக்க மறையாது. இது வேதவாக்கு இல்லை, தொடக்கப்புள்ளி. அங்கிருந்து முன்னும் பின்னும் 10 செ.மீ. நகர்த்தி நகர்த்தி அளந்து பாருங்கள்.

ஸ்பீக்கர்களை ஜன்னல் தொடங்குமுன் உள்ள 9 அங்குல 11 அடிச் சுவர்ப்பக்கம் வையுங்கள். அதுதான் முன்சுவர். முகப்பு அந்தச் சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி, இரண்டுக்கும் இடையே 2 மீட்டர். காது முன்சுவரிலிருந்து 2.65 மீட்டரில் வருவதால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் தூரம் 2.02 மீட்டர், கச்சிதமான சமபக்க முக்கோணம். பக்கச் சுவருக்கு மீதி 67 செ.மீ. முன்சுவருக்குள்ள 90 செ.மீ. 95 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளத்தைத் தோண்டும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அங்கே நேரொலியை அழிக்கும். ஒலிவேகத்தை அந்தத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது அது. 60 செ.மீ. ஆக்கினால் பள்ளம் 143-க்கு ஏறும், 1.2 மீட்டரானால் 72-க்கு இறங்கும். முன்சுவர், பக்கச் சுவர், தரை இவற்றிலிருந்து வூஃபர் இருக்கும் மூன்று தூரங்களும் ஒன்றாக மட்டும் வரக்கூடாது. மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்தால் அதை எதைக்கொண்டும் நிரப்ப முடியாது.

இனி உறிஞ்சிகள். அறையின் கன அளவு ஏறக்குறைய 41.5 கன மீட்டர். வெறும் சுவரும் டைல்ஸும் மட்டுமானால் எதிரொலிக் காலம் (ஒலி நின்ற பிறகு அறையில் அது 60 டெசிபல் தேய எடுக்கும் நேரம்) 3 நொடியைத் தொடும். இந்த அளவு அறையில் இசை கேட்க 0.35 முதல் 0.45 நொடி நன்றாக இருக்கும். சபைன் சூத்திரப்படி (0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல்) 0.4 நொடிக்கு ஏறக்குறைய 17 சதுர மீட்டர் உறிஞ்சல் வேண்டும். ஹார்வர்டில் சபைன் 1895 முதல் அரங்க நாற்காலி மெத்தைகளை அடுக்கி அடுக்கி அளந்து கண்டுபிடித்த கணக்குதான், இன்றும் இதுவே போதும். சோபா, ஆள், திரை, ஒரு கம்பளம், மீதிச் சுவர் எல்லாம் சேர்ந்து 6 அல்லது 7 தரும். மிச்சம் 10 சதுர மீட்டரைப் பேனல்கள் தர வேண்டும். 1200 × 600 மி.மீ. பேனல் ஒன்று 0.72 சதுர மீட்டர், ஆக 14 பேனல். ஒவ்வொன்றும் 100 மி.மீ. கனம், பின்னால் 75 முதல் 100 மி.மீ. காற்று இடைவெளி. எண்ணிக்கையைக் கூட்டிக் கனத்தைக் குறைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். மெலிந்த இருபதைவிடக் கனத்த பதினாலு எவ்வளவோ மேல்.

எங்கே மாட்டுவது? பக்கச் சுவருக்கு முன்சுவரிலிருந்து 1.1 முதல் 2.3 மீட்டர் வரை, பக்கத்துக்கு இரண்டு. அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி 1.40 மீட்டரிலும் எதிர்ப்பக்க ஸ்பீக்கரின் ஒலி 1.98 மீட்டரிலும் சுவரில் பட்டுக் காதுக்கு வருகிறது, 1.2 மீட்டர் அகலத்தில் இரண்டும் அடங்கிவிடும். சந்தேகமென்றால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே பேனல். கூரையில் 1.78 மீட்டரை மையமாக வைத்து நான்கு, பின்சுவரில் கதவு போக மீதியில் நான்கு, முன்சுவரில் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இரண்டு. கை தட்டினால் வரும் அந்த ‘டிர்ர்’ பக்கச் சுவர்களுக்கிடையே ஒலி நொடிக்கு 51 தடவை போய்வருவதுதான். இதிலேயே அது அடங்கிவிடும்.

தரைக்கு 6 × 8 அடியில் ஒரு கனத்த கம்பளம், அடியில் ஃபெல்ட். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் மட்டும் போதும்.

---

உளிச்சத்தம் எழுதியது:

அலைநீளம் சார் சொன்னது அறைக்குள் கேட்பதைப் பற்றி. படுக்கையறைக்குப் போகும் சத்தம் வேறு விவகாரம், பேனல் எத்தனை மாட்டினாலும் அதில் பெரிதாக எதுவும் குறையாது. அங்கே வேலை செய்வது எடையும் காற்றுப்புகாமையும்தான்.

உங்கள் பின்சுவர் ஏறக்குறைய 10 சதுர மீட்டர், அதில் கதவு 2. இருபுறமும் நன்றாகப் பூசிய 4.5 அங்குலச் சுவர் 45 டெசிபல் வரை தடுக்கும். உள்ளே வெற்றிடமுள்ள கதவு 20-ஐத் தாண்டுவதே அபூர்வம். சேர்த்துக் கணக்குப் போட்டால் மொத்தம் 27 டெசிபல். சுவரை 50 டெசிபல் தடுக்கும் 9 அங்குலமாக மாற்றினாலும் அதே 27-தான், கதவு அப்படியே இருக்கும்வரை. ஆகவே சுவரில் கை வைக்குமுன் கதவு.

35 முதல் 40 மி.மீ. கனத்தில் உள்ளே முழுக்க மரமாக உள்ள ஃப்ளஷ் கதவு போடுங்கள். நிலையின் மூன்று பக்கமும் ரப்பர் கேஸ்கெட், மூடும்போது 2 முதல் 3 மி.மீ. அமுங்க வேண்டும். அதற்கு மேல் அமுங்கினால் தாழ்ப்பாள் விழாது, குறைந்தால் பயனில்லை. கீழ்ச் சந்துதான் எல்லாரும் விடுவது. 90 செ.மீ. கதவின் அடியில் 1 செ.மீ. சந்து இருந்தால், மீதி எல்லாமே இரும்புக்கோட்டையாக இருந்தாலும் அந்தச் சுவர் 30 டெசிபலைத் தாண்டாது. கதவு மூடும்போது தானாக இறங்கும் சீல் பட்டை கிடைக்கிறது, அல்லது தாழ்ந்த வாசற்படி வைத்து அதிலும் கேஸ்கெட் ஒட்டலாம். மூன்று கீல் போதாது, நான்கு போடுங்கள். கனத்தில் கதவு தொங்கினால் எதிர்ப்புற மேல்மூலையில் கேஸ்கெட் பிரிந்துவிடும். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்து உள்ளே டார்ச் அடியுங்கள். வெளியே வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும்.

சுவரில் சுவிட்ச் பெட்டிகளை இரு அறைக்கும் முதுகோடு முதுகாகப் பொருத்த விடாதீர்கள். 4.5 அங்குலச் சுவரில் அது கிட்டத்தட்ட ஓட்டை போட்ட மாதிரிதான். படுக்கையறைப் பெட்டி அங்கே இருந்தால் உங்களுடையது குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பூசுமுன் செங்கல் இணைப்புகளில் விட்டுப்போன சந்துகளைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டுத்தான் பூசச் சொல்ல வேண்டும். பூச்சு மூடிவிடும் என்று கொத்தனார் சொல்வார், கூரையை ஒட்டிய கடைசி வரிசையை ஏணி போட்டு நீங்களே பாருங்கள்.

பேனல் செய்முறை. 18 மி.மீ. ப்ளைவுட்டில் 100 மி.மீ. அகலப் பட்டைகள், உள்ளளவு 1198 × 598 மி.மீ. ராக்வூல் பலகை 1200 × 600 × 50 மி.மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 48 கிலோ, இரண்டு அடுக்கு. 2 மி.மீ. குறைவாகச் சட்டம் செய்வதால் பலகை தானாகப் பிடித்து நிற்கும், பசை வேண்டாம். மூலைகளில் முக்கோண ப்ளை துண்டு திருகாவிட்டால் துணியை இழுக்கும்போதே சட்டம் கோணும். முதலில் முன்னும் பின்னும் மெல்லிய நெய்யாத துணி, நார் உதிராமல் இருக்க. அதன்மேல் அலங்காரத் துணி 154 × 94 செ.மீ. வெட்டினால் பக்கமும் பின்மடிப்பும் சேர்ந்து வரும். நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்பிள், எதிரே ஒன்று, பிறகு நடுவிலிருந்து மூலை நோக்கிப் போங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் துணியின் இழை வளைந்து, மாட்டியதும் கண்ணில் குத்தும். துணி தேர்வு எளிது, வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் தாராளமாக வர வேண்டும். ரெக்ஸின் கூடவே கூடாது.

செய்து முடித்த பேனல் ஒன்று 8 கிலோ வரும். சுவரில் 45 பாகையில் சரிவாக அறுத்த இரட்டைக் கட்டை போதும், ஒன்று சுவரில், ஒன்று பேனலில். காற்று இடைவெளிக்குச் சுவர்க்கட்டையின் கீழே அதே கனத்தில் துண்டுகள். கூரையில் நான்கு கொக்கி, ஆங்கர் காங்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும், பூச்சோடு நின்றால் விழும். கூடவே ஒரு காப்புக் கம்பி. ராக்வூல் வெட்டும்போது கையுறை, முழுக்கை சட்டை, என்95 முகமூடி. அரம்போல் பல்லுள்ள ரொட்டிக் கத்தி சுத்தமாக வெட்டும்.

இன்னொன்று, வெளிச்சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் எதையும் மாட்டாதீர்கள். பேனலுக்குப் பின்னால் காற்றோட்டம் குறைவு, பூஞ்சை பிடித்தால் வாசனை வந்த பிறகுதான் தெரியும்.

---

மின்கம்பி எழுதியது:

சுவருக்குள் போக வேண்டியது மட்டும்.

மெயின் பெட்டியிலிருந்து இந்த அறைக்குத் தனிச் சுற்று, 4 சதுர மி.மீ. செம்பு, 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்). சி வகையாக இருக்கட்டும். பெரிய டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பை ஆன் செய்யும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தில் பி வகை தேவையில்லாமல் விழும். முன்சுவரில் ஒரே இடத்தில் ஆறு சாக்கெட். கருவிகள் எல்லாமே அந்த ஒரே கூட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். ஆம்ப் ஒரு மூலை, டர்ன்டேபிள் இன்னொரு சுற்று என்று பிரிந்தால் எர்த் வளையம் உருவாகி 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ வரும். வந்தால் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள், அது உயிர்காப்பு. விளக்கும் ஏசியும் வேறு சுற்று. எல்இடிக்கு டிம்மர் போடுவதானால் ஃபோனோ ஆம்ப்புக்கு அருகே வேண்டாம், ‘ஸ்ஸ்’ சத்தம் நுழையும்.

சிக்னல், ஸ்பீக்கர் ஒயர்களுக்குத் தனிக் கண்டுயிட் குழாய், 32 மி.மீ., மின்சாரக் குழாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி. குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாக மட்டும். முன்சுவரின் இரு மூலை, பின்சுவர் நடு, இந்த மூன்று இடத்துக்கும் காலிக் குழாயும் இழுகம்பியும் இப்போதே போட்டுவிடுங்கள், சப்வூஃபர் வரும்போது சுவரை உடைக்க வேண்டாம். ஒரு குழாயில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் பெட்டி.

ஸ்பீக்கர் ஒயர் 2.5 சதுர மி.மீ. சாதாரணச் செம்பு. 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர மொத்த மின்தடை 0.07 ஓம்தான், 4 ஓம் ஸ்பீக்கருக்கே பொருட்டில்லை. அதற்கு மேல் ஒயருக்குச் செலவழிக்க இருப்பதைக் கதவுக்குப் போடுங்கள்.

---

மாடியறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கொத்தனாரை நிறுத்தி வைத்துவிட்டேன். நான்கு சந்தேகம்.

ஜன்னல் முன்சுவரிலிருந்து 1.07 முதல் 2.29 மீட்டர் வரை, அதாவது பேனல் வர வேண்டிய அதே இடம். என்ன செய்வது? ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிடுவதா? மூலைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார், அதில் ஏதாவது இருக்கிறதா?

---

மந்திரஸ்தாயி எழுதியது:

முட்டை அட்டை: மெல்லிய காகிதக் கூழ், மேல்ஸ்தாயியில் கொஞ்சம் உறிஞ்சும், மற்றபடி ஒன்றுமில்லை. எளிதில் தீப்பிடிக்கும், ஒயரிங் உள்ள சுவரில் அதை ஒட்டவே கூடாது. தீத்தடுப்பு இல்லாத மலிவு ஃபோமும் இதே ரகம். ராக்வூல் எரியாது.

ஜன்னல்: முதலில் உள்பக்கம் இரண்டாவதாக ஒரு கண்ணாடி, 6 மி.மீ. லேமினேட்டட், பழையதிலிருந்து 100 மி.மீ. இடைவெளியில். பழைய கண்ணாடி 4 மி.மீ. என்றால் இரண்டின் கனமும் வேறாக இருப்பது நல்லது, ஒரே அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்து அதிராது. பிறகு ஜன்னல் முன்னால் காலில் நிற்கும் பேனல் இரண்டு, கீழே 30 செ.மீ. பாதம், கேட்கும்போது நகர்த்தி வைத்து, முடிந்ததும் ஓரம் ஒதுக்குவது. கனத்த திரை இதற்கு ஈடாகாது. திரை போட்டுவிட்டு எதிர்ச்சுவரில் 100 மி.மீ. பேனல் வைத்தால் இடதும் வலதும் வெவ்வேறாகக் கேட்டு, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுவார். இரண்டு பக்கமும் ஒரே பேனல், ஒரே உயரம்.

ஃபால்ஸ் சீலிங்கை நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு சதுர மீட்டருக்குச் சுமார் 9 கிலோ. பின்னால் 15 செ.மீ. காற்று இருந்தால் அது அதிர்ந்து உறிஞ்சும் அதிர்வெண்: 60-ஐ, எடையையும் இடைவெளியையும் பெருக்கி வரும் 1.35-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 52 ஹெர்ட்ஸ். 50 முதல் 60 வரை முழங்கும் அறையில் 14 சதுர மீட்டர் பேஸ் உறிஞ்சி சும்மா கிடைக்கிறது. உள்ளே 50 மி.மீ. ராக்வூலைச் சட்டத்தின்மேல் தளர்வாகப் பரப்பினால் உறிஞ்சும் பட்டை அகலும், போர்டை அழுத்தினால் அதிர்வு கெட்டுவிடும்.

---

அலைநீளம் எழுதியது:

கணக்கு சரி, நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. பேஸில் அதிர வேண்டிய கூரை கூடவே கடகடக்கும். சட்டத்தின் ஒவ்வொரு இணைப்பும் இறுகியிருக்க வேண்டும், போர்டுத் திருகு 20 செ.மீ.க்கு ஒன்று, சுவரைத் தொடும் விளிம்பில் இறுகாத சீலன்ட். உள்ளடங்கிய விளக்குகளைத் தவிருங்கள், ஸ்பிரிங் கிளிப் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரத்துக்குத் தாளம் போடும். வேலை செய்த ஆள் கிளம்புமுன் 30-இலிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓட்டிக் காட்டி, கடகடக்கும் இடத்தை அவரையே இறுக்க வையுங்கள். கூரைப் பேனல் நான்கும் இந்த போர்டில் தொங்கக்கூடாது, கம்பி மேல் காங்கிரீட்டுக்குப் போக வேண்டும். அதற்கான கொக்கிகளை போர்டு போடுமுன்னே பதித்துவிடுங்கள். இவ்வளவுக்கும் ஆள் கிடைத்தால் போடுங்கள், இல்லையென்றால் வெறும் கூரையே மேல்.

மூலைகள்: முன்பக்க இரண்டு மூலைகளில் ராக்வூல் முக்கோணங்களை அடுக்குங்கள். 1200 × 600 பலகையை இரண்டு சதுரமாக்கி, ஒவ்வொன்றையும் இரு மூலைவிட்டங்களிலும் வெட்டினால் எட்டு முக்கோணம், முகப்பு 60 செ.மீ. ஒரு மூலைக்கு 2.4 மீட்டர் உயரத்துக்கு 48 முக்கோணம், 6 பலகை. பாதி உயரத்தில் ஒரு ப்ளை தட்டு வையுங்கள், இல்லையேல் மேல் பாரத்தில் அடியடுக்கு நசுங்கி, சில மாதத்தில் உச்சியில் சந்து விழும். இதற்கு 48 கிலோ அடர்த்தி வேண்டாம், 24 முதல் 32 கிலோ போதும். இவ்வளவு ஆழத்தில் அடர்த்தி கூடினால் தாழ்ந்த ஒலி உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். பின்மூலை ஒன்றில் கதவு இருப்பதால் அங்கே விட்டுவிடலாம்.

ஆனால் 40 ஹெர்ட்ஸை இவையெதுவும் அசைக்காது. மந்திரஸ்தாயி சொன்ன அதே சூத்திரத்தில் போட்டால், 12 மி.மீ. ப்ளைக்குப் பின்னால் 30 செ.மீ. பெட்டி வேண்டும். இந்த அறையில் அவ்வளவு இடத்தைத் தின்னவிட முடியாது. சப்வூஃபர் வரும்போது இடத்தால் சமாளியுங்கள். முன்சுவரின் நடுவில் வைத்தால் 51 ஹெர்ட்ஸ் அகல அலை எழவே எழாது. பின்சுவர் நடுவில் இரண்டாவது ஒன்று, அதே அளவில், அதே திசைமுனையில் (இரண்டின் கூம்பும் ஒரே நேரத்தில் வெளித்தள்ளும்படி) ஓடினால் 40-உம் அடங்கும்.

---

மந்திரஸ்தாயி எழுதியது:

காற்றோட்டத்தை யாரும் தொடவில்லை. உளிச்சத்தம் சொன்னபடி கதவை அடைத்து, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியும் போட்டால், இரண்டு பேர் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் கரியமில வாயு சுமார் 900 பிபிஎம் கூடும். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றும். இரண்டாவது ஆல்பத்தில் வரும் தலைவலிக்கு ஆம்ப்பைக் குறை சொல்லாதீர்கள். வெளிச்சுவரில் 100 மி.மீ. துளை, உள்ளே 25 மி.மீ. ராக்வூல் ஒட்டிய பெட்டியில் இரண்டு செங்கோணத் திருப்பம், கடைசியில் மெதுவாகச் சுற்றும் சிறு விசிறி. இதைப் பூச்சுக்கு முன் துளைத்துவிடுங்கள். வாங்கும் ஏசியில் குறைந்த வேகத்தில் எத்தனை டெசிபல் என்று பாருங்கள், 22-க்குள் இருந்தால் மெல்லிய தம்புரா சுருதிகூட மறையாது.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம், கூடவே யூமிக்-1 போன்ற அளவு திருத்திய யூஎஸ்பி மைக். மைக்கைக் காது உயரத்தில், கூரை நோக்கி நிறுத்தி 90 பாகைத் திருத்தக் கோப்பை ஏற்றுங்கள். ஸ்பீக்கரை நோக்கி நீட்டினால் 0 பாகைக் கோப்பு. இதை மாற்றிப் போட்டுவிட்டு மேல்ஸ்தாயி தவறு என்று தேடுபவர்கள் நிறைய. சோபாவின் முதுகை மைக் ஒட்டக்கூடாது. 75 டெசிபலில் இடது, வலது, இரண்டும் என்று மூன்று ஸ்வீப் (தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை ஏறும் சோதனை ஒலி). பேஸைப் பார்க்கும்போது வளைவை மழுப்ப வேண்டாம், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வாட்டர்ஃபால் படத்தை (ஒவ்வொரு அதிர்வெண்ணும் நேரத்தோடு எப்படித் தேய்கிறது என்று காட்டுவது) பாருங்கள். எந்த அதிர்வெண் வால் நீண்டு கிடக்கிறதோ அதுதான் முழங்குவது.

வரிசை இப்படி: ஓதம், குழாய், காற்றுத்துளை, கதவு நிலை, பூச்சு, கூரை, தரை. இதற்குப் பிறகு வெறும் அறையில் ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டு பக்கச் சுவர், மூலை, பின்சுவர் என்று பேனல்களைக் கட்டங்கட்டமாக மாட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அளங்கள். பத்து மாட்டியதுமே 0.4 நொடி வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். ஈக்யூ (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) கடைசியில். அதுவும் முகடுகளை வெட்ட மட்டும், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். பள்ளத்தை நிரப்ப 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் அந்த இடத்தில் பத்து மடங்கு சக்தி தர வேண்டும், வூஃபர் முட்டும், பள்ளம் அப்படியேதான் இருக்கும். பள்ளத்துக்கு மருந்து நாற்காலியைப் பத்து செ.மீ. நகர்த்துவதுதான்.

---

மாடியறை எழுதியது:

ஃபோம் ஆர்டரை ரத்து செய்தாயிற்று. கதவு நிலையை அகற்றி, காற்றுத்துளைக்கு வலது வெளிச்சுவரில் இடம் குறித்திருக்கிறோம். கூரைக்கு ஆள் வந்து பார்த்த பிறகு முடிவு. பேனல்களைப் பத்தோடு தொடங்குகிறேன், வெறும் அறையின் அளவு வந்ததும் படத்தை இங்கேயே ஏற்றுகிறேன்.

---

உளிச்சத்தம் எழுதியது:

காற்றுத்துளையை வெளிப்பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சரிவாகத் துளைக்கச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வராது. வெளிவாயில் பூச்சிவலை.